ஒரு வாளித் தண்ணீருக்குள் காரைச் சுத்தம் செய்யும் முறை

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வற்றிப்போய், ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிவந்த ரயில் சென்னை வில்லிவாக்கத்தில் வந்து நின்றது. வீட்டு வாசலில் ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டுக் காரைக் கழுவினால் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் என்ற வேகத்தில் பத்தே நிமிடத்தில் நூறு லிட்டர் போய்விடும். அந்தக் கணக்கில் பார்த்தால், அத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த ஒரு ரயில் தண்ணீர் 25,000 கார்களை ஒரே ஒரு முறை கழுவத்தான் காணும். 2024 மார்ச்சில் பெங்களூரில் தட்டுப்பாடு முற்றியபோது, குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அந்நகரக் குடிநீர் வாரியம் அறிவித்தது. தட்டுப்பாடு வந்த பிறகு அவசரத்தில் ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கி, பெயின்ட்டைப் பாழாக்கிவிட்டு, தண்ணீர் குறைந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று நினைப்பவர்கள் பலர். முறை தெரிந்தால் நான்கு லிட்டர் தண்ணீரில் ஒரு காரைக் கீறல் விழாமல் சுத்தம் செய்யலாம். லேசான தூசு மட்டும் இருந்தால் அந்த நான்கு லிட்டரும் தேவையில்லை. அந்த முறையைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

கீறல் எங்கிருந்து வருகிறது

காரின் மேல் நாம் பார்க்கும் பளபளப்பு பெயின்ட்டின் நிறத்திலிருந்து வருவதன்று; நிறத்துக்கு மேலே பூசியிருக்கும் கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சிலிருந்து வருவது. பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் 40 முதல் 50 மைக்ரான்தான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. காரின் மேல் படியும் தெருத்தூசியிலோ மணலின் நுண்துகள்கள் நிறைய உண்டு. மணலின் முக்கியப் பகுதியான குவார்ட்ஸ், கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7ஆம் இடத்தில் இருக்கிறது. சாதாரண எஃகுக் கத்தியைவிட அது கடினமானது. இந்தத் துகள்களைத் துணிக்கும் பூச்சுக்கும் நடுவில் வைத்து அழுத்தி இழுத்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. வெயிலில் கறுப்புக் காரின் பானெட்டைச் சாய்வாகப் பார்க்கும்போது சிலந்தி வலை போல வட்ட வட்டமாகத் தெரியும் மெல்லிய கோடுகள் எல்லாம் இப்படி விழுந்தவையே.

தண்ணீர் நிறைய ஊற்றிக் கழுவும்போது இந்தத் துகள்களில் பெரும்பகுதி துணி படுவதற்கு முன்பே ஓடிப்போகிறது. தண்ணீரின் வேலை அவ்வளவுதான். தண்ணீரைக் குறைக்கும்போது அந்த வேலையை வேறு இரண்டு பொருள்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஒன்று, துகளைச் சூழ்ந்துகொண்டு பூச்சின்மேல் வழுக்க வைக்கும் கரைசல். மற்றொன்று, அந்தத் துகளைத் தன் இழைகளுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும் துணி. இந்த இரண்டும் சரியாக இருந்தால் தண்ணீரின் அளவு பெரிய பொருட்டில்லை. இரண்டில் ஒன்று தவறினாலும், நான்கு வாளித் தண்ணீர் செலவழித்தாலும் கீறல் விழத்தான் செய்யும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடியற்காலையில் ஒரே வாளித் தண்ணீரையும் ஒரே பழைய பனியன் துணியையும் வைத்துக்கொண்டு பத்துக் கார்கள் துடைக்கப்படுவதை எல்லோரும் பார்த்திருப்போம். பத்தாவது காருக்கு அந்தத் துணி வரும்போது, முதல் ஒன்பது கார்களின் மணலும் அதில் இருக்கிறது.

முதலில் காரைப் பாருங்கள்

எந்த முறையில் சுத்தம் செய்வது என்பதை அழுக்குதான் முடிவு செய்ய வேண்டும். கைபேசியின் டார்ச்சை எரியவிட்டு, பானெட்டின் மேல் படுக்கைவாட்டாக, ஏறத்தாழ ஒட்டினாற்போல வைத்துப் பாருங்கள். முகப்பவுடர் தூவியதுபோல மெல்லிய படலம் மட்டும் தெரிந்தால் அது இரண்டு மூன்று நாள் தூசு. தண்ணீரே இல்லாமல், வாட்டர்லெஸ் வாஷ் என்ற தெளிப்பான் மட்டும் வைத்துச் சுத்தம் செய்துவிடலாம்; அதைப் பின்னால் சொல்கிறேன். படலத்தின் நடுவே தனித்தனியாகக் குருணைகள் நிழலோடு தெரிந்தாலோ, தூறலில் ஓட்டியதால் கதவுகளின் கீழ்ப்பகுதியில் சாம்பல் நிறப் பூச்சு காய்ந்திருந்தாலோ, தெளிப்பான் போதாது. நான்கு லிட்டர் முறைக்குப் போக வேண்டும். விரலால் தடவிப் பார்த்துச் சோதிக்க வேண்டாம், அந்தத் தடவலே ஒரு கீறல்.

சேறு கட்டியாக அப்பியிருந்தாலோ, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணலில் இறக்கி ஓட்டியிருந்தாலோ இந்த இரண்டு முறைகளும் உதவா. அந்தச் சேற்றையும் மணலையும் தொடாமல் தண்ணீராலேயே தள்ள வேண்டும். ஆனால் அதற்காக முழுக் காரையும் நனைக்க வேண்டியதில்லை. சேறு பெரும்பாலும் கதவின் பாதிக்குக் கீழே, பம்பர்களில், சக்கரத்துக்கு மேலுள்ள வளைவுகளில்தான் இருக்கும். அந்த இடங்களுக்கு மட்டும் மக்கில் மொண்டு மேலிருந்து வழியவிட்டால் பத்து லிட்டரில் வேலை முடிந்துவிடும். பிறகு வழக்கமான முறைக்கு வரலாம். இந்தப் பத்து லிட்டரை மிச்சம் பிடிக்கப் பார்ப்பது தவறான சிக்கனம் என்பதே என் கருத்து.

கடற்கரையை ஒட்டி, பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற இடங்களில் குடியிருப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உப்புக்காற்று காரின் அடிப்பகுதியிலும் சக்கர வளைவுகளின் உட்புறத்திலும் படிகிறது. துணியால் துடைக்கும் எந்த முறையும் அங்கே எட்டாது. மாதம் ஒருமுறையாவது அந்த இடங்களுக்கு மட்டும் நல்ல தண்ணீர் அடித்துவிடுவது துருவைத் தள்ளிப்போடும்.

தேவையான பொருள்கள்

கார் உபகரணக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் ரின்ஸ்லெஸ் வாஷ் என்ற பெயரில் கிடைப்பதுதான் நான்கு லிட்டர் முறைக்கான கரைசல். இது சாதாரணக் கார் ஷாம்பு அன்று. ஷாம்புவை அலசியே ஆக வேண்டும். அலசாமல் விட்டால் காய்ந்து திட்டுத் திட்டாகப் படியும். ரின்ஸ்லெஸ் வாஷில் உள்ள பாலிமர்கள் அழுக்குத் துகளைச் சூழ்ந்து வழுக்கலை உண்டாக்குவதோடு, துடைத்த பிறகு மீதமிருக்கும் மெல்லிய படலமும் பெயின்ட்டுக்குத் தீங்கு செய்யாதபடி தயாரிக்கப்பட்டவை. நுரை அநேகமாக வராது. நுரை இல்லையே என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றுவதுதான் புதிதாகச் செய்பவர்களிடம் அதிகம் காணப்படும் பழக்கம். அளவு கூடினால் கண்ணாடியிலும் பெயின்ட்டிலும் பிசுக்குத்தான் மிஞ்சும். இந்த வகையில் பரவலாக அறியப்பட்ட ஆப்டிமம் நோ ரின்ஸுக்கு ஒரு பங்குக்கு 256 பங்கு தண்ணீர் என்பது அளவு, அதாவது நான்கு லிட்டருக்கு ஏறத்தாழ 15 மில்லி. மற்றவற்றுக்குப் புட்டியின்மேல் உள்ள அளவைப் பின்பற்றுங்கள். இருமல் மருந்துப் புட்டியோடு வரும் கோடு போட்ட மூடி இதற்கு மிகவும் வசதி.

பாத்திரம் தேய்க்கும் திரவத்தையோ துணி சோப்பையோ இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம். அவை எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும் வேலைக்கென்றே செய்யப்பட்டவை, பெயின்ட்டின் மேலுள்ள மெழுகுப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். பளபளப்பாகத் தெரியும் என்பதற்காக மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுத் துடைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அன்று மாலைவரை மின்னும் என்பது உண்மைதான். ஆனால் அந்த எண்ணெய்ப் படலம் அடுத்த நாளே இருமடங்கு தூசை ஒட்டவைக்கும், கதவோர ரப்பர்களையும் கெடுக்கும்.

அடுத்தது துணி. மைக்ரோஃபைபர் துணியைத் தவிர வேறெதுவும் வேண்டாம். பாலியெஸ்டரையும் பாலிஅமைடையும் கலந்து, இழைகளைப் பிளந்து நெய்த துணி அது. அந்தப் பிளவுகளுக்குள்தான் தூசு சிக்கிக்கொள்கிறது. சதுர மீட்டருக்கு 300 முதல் 400 கிராம் எடையுள்ள, ஓரம் தைக்காத அல்லது மென்மையான ஓரம் உள்ள துணி நல்லது. வாங்கியதும் அதில் தைத்திருக்கும் லேபிளை வெட்டி எடுத்துவிடுங்கள். ஒரு ஹேட்ச்பேக் காருக்கு ஆறு துணிகள் வேண்டும். சக்கரத்துக்கென்று வேறு நிறத்தில் இரண்டு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காய வைக்க அடர்த்தியான பெரிய துணி ஒன்று. இவற்றோடு ஒரு வாளி, செடிக்கு மருந்தடிக்கும் ஒன்றரை லிட்டர் கைப்பம்பு ஒன்று, அவ்வளவே. கம்ப்யூட்டர் தூசு ஊதப் பயன்படுத்தும் மின்சார ப்ளோயர் வீட்டில் இருந்தால் அதுவும் மிகப் பயன்படும், ஏனென்றால் தொடாமலேயே போகும் தூசு கீறுவதில்லை.

எந்தத் தண்ணீர் என்பதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. இந்த முறையில் அது முக்கியமானது. அலசாமல் விடுவதால், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பெல்லாம் காரின் மேலேயே தங்கும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாதபோது 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அமைப்பின் வரையறை. சென்னையின் பல தெருக்களில் போர் தண்ணீர் அந்த முதல் எல்லையை எளிதாகத் தாண்டுகிறது. வெயிலில் துளி காய்ந்தால் வெள்ளை வட்டம் நிற்பது அதனால்தான். அந்த வட்டத்தை நாள்பட விட்டால் சாதாரணத் துடைப்பில் போகாது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரைக் காருக்குப் பயன்படுத்தச் சொல்லும் அறிவுரையை அடிக்கடி கேட்கிறோம். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அந்தத் தண்ணீரில் உப்பு மூலத் தண்ணீரைவிடச் செறிவாக இருக்கிறது. அதைக் கழிப்பறைக்கு ஊற்றுங்கள், காருக்கு வேண்டாம்.

காருக்கு ஏற்ற தண்ணீர் பெரும்பாலான வீடுகளில் பால்கனிக் குழாய் வழியாகச் சொட்டி வீணாகிக்கொண்டிருக்கிறது. ஏ.சி.யிலிருந்து வடியும் நீர், காற்றின் ஈரப்பதம் குளிர்ந்து ஒடுங்கியதால் வருவது. காய்ச்சி வடித்த நீரைப்போல அதில் உப்பு மிகக் குறைவு. சென்னையின் புழுக்கத்தில் ஓர் இரவு ஏ.சி. ஓடினால் ஒரு காருக்கு வேண்டிய நான்கு லிட்டர் சிரமமில்லாமல் சேர்ந்துவிடும். வாளியை வைத்துப் பிடித்து, மெல்லிய துணியில் வடிகட்டிக்கொண்டால் போதும். குடிப்பதற்கு அது ஏற்றதன்று என்பதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். மழைக்காலத்தில் மாடியிலிருந்து பிடித்த மழைநீரும் இதே அளவுக்கு நல்லது.

நான்கு லிட்டர் முறை

காரை நிழலில் நிறுத்தி, என்ஜின் சூடு ஆறும்வரை காத்திருங்கள். புறங்கையைப் பானெட்டின் மேல் வைத்தால் வெதுவெதுப்புக்கூடத் தெரியக்கூடாது. கோடையில் காலை ஏழு மணிக்குள் அல்லது பொழுது சாய்ந்த பிறகு செய்வதே சரி. சூடான தகட்டில் கரைசல் துடைப்பதற்கு முன்பே காய்ந்துவிடும். பிறகு நீங்கள் துடைப்பது காய்ந்த அழுக்கை.

முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்களின் அடியில் உள்ள பள்ளத்தைப் பாருங்கள். புங்கை மரத்தடியில் நிற்கும் கார் என்றால் அங்கே இலையும் பூவும் அடைத்துக்கொண்டிருக்கும். ஹோஸில் கழுவும்போதாவது அவற்றில் கொஞ்சம் அடித்துப் போகும். இந்த முறையில் தானாகப் போகாது. அப்படியே விட்டால் மழைத்தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டு, தண்ணீர் காருக்குள் இறங்கவும் கூடும். கையால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். ப்ளோயர் இருந்தால் இப்போது மேற்கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி ஒரு சுற்று ஊதுங்கள், பக்கத்துக் காரின் மேல் தூசு போகாத திசை பார்த்து.

வாளியில் நான்கு லிட்டர் தண்ணீரும் 15 மில்லி கரைசலும் கலந்து, அதிலிருந்து ஒரு லிட்டரைக் கைப்பம்பில் ஊற்றிக்கொள்ளுங்கள். ஆறு துணிகளையும் வாளியில் மூழ்கவிடுங்கள். பலரும் செய்வதுபோல ஒரே துணியை மீண்டும் மீண்டும் வாளியில் முக்கி எடுப்பதில்லை என்பதுதான் இந்த முறையின் உயிர். ஒவ்வொரு துணியும் வாளியிலிருந்து வெளியே வரும், திரும்ப உள்ளே போகாது. அதனால் கடைசிக் கதவைத் துடைக்கும்போதும் வாளியில் உள்ள தண்ணீர் முதலில் இருந்தது போலவே தெளிவாக இருக்கும்.

மேற்கூரையின் ஒரு பாதிக்கு மட்டும் பம்பால் தெளியுங்கள். பரப்பு முழுவதும் நனைந்து, ஓரத்தில் சொட்டத் தொடங்கும் அளவுக்குத் தெளிக்க வேண்டும்; இங்கே கஞ்சத்தனம் கூடாது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஊறட்டும். துணியொன்றை எடுத்து, ஒழுகாத அளவுக்கு லேசாகப் பிழிந்து, இரண்டாக மடித்து, மறுபடியும் இரண்டாக மடியுங்கள். இப்படி நான்காக மடித்த துணியில், முன்னும் பின்னும் திருப்பி மடிக்கும்போது எட்டு முகங்கள் கிடைக்கும். ஒரு முகத்தைத் தகட்டின் மேல் வையுங்கள். அழுத்த வேண்டாம், துணியின் எடையும் உள்ளங்கையின் எடையும் போதும். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே நேர்கோட்டில் இழுத்து, தூக்கிவிடுங்கள். வட்டமாகத் தேய்ப்பதோ முன்னும் பின்னும் இழுப்பதோ கூடாது. இழுக்கும்போது துணியின் முன்னோரத்தைச் சற்றே தூக்கினாற்போலப் பிடித்தால், அழுக்கை நசுக்காமல் துணி அதன்மேல் ஏறி எடுத்துக்கொள்ளும்.

இப்போது துணியைத் திருப்பிப் பாருங்கள். முன்னோரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை படிந்திருக்கும். பின்பகுதி ஏறத்தாழ வெள்ளையாகவே இருக்கும். அதாவது, முதல் ஓரிரு அங்குலத் துணியே பெரும்பாலான அழுக்கைப் பிடித்துவிட்டது. அந்த முகத்தால் இன்னும் ஒருமுறை இழுக்கலாம், அதற்குமேல் வேண்டாம். மடிப்பை மாற்றிப் புது முகத்தை எடுங்கள். எட்டு முகமும் தீர்ந்ததும் துணியைத் தனியாக ஓர் ஓரத்தில் போட்டுவிட்டு, வாளியிலிருந்து அடுத்ததை எடுங்கள். முதல் தடவை செய்யும்போது இந்த மடிப்பு மாற்றும் வேலை எரிச்சலூட்டலாம். மூன்றாவது தடவைக்குள் கை தானாகவே மடிக்கத் தொடங்கிவிடும்.

ஒரு பகுதியைத் துடைத்ததும் உடனே காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். முழுக் காரையும் துடைத்துவிட்டுக் கடைசியில் காய வைக்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். மேற்கூரை, பக்கக் கண்ணாடிகள், பானெட், கதவுகளின் மேல்பாதி, டிக்கி, அதன்பின் கதவுகளின் கீழ்பாதி, கடைசியாகப் பம்பர்கள் என்பதுதான் வரிசை. கீழே போகப் போக மணல் கூடும் என்பதால் இந்த வரிசையை மாற்றக்கூடாது. மீதமிருக்கும் துணிகளில் குறைந்தது இரண்டை இடுப்புக்குக் கீழே உள்ள பகுதிக்கென்றே ஒதுக்கி வையுங்கள். பின்பம்பரும் டிக்கியின் கீழ்ப்பகுதியும்தான் காரிலேயே அதிக அழுக்கு சேரும் இடங்கள். ஓடும்போது காற்று அங்கே சுழன்று, புழுதியை உள்ளிழுத்து ஒட்டவைக்கிறது. அவற்றுக்கு இரண்டு முறை தெளித்து, இரண்டு மடங்கு நேரம் ஊறவிடுங்கள்.

துணி கை தவறித் தரையில் விழுந்துவிட்டால், எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் அன்றைக்கு அது பெயின்ட்டில் படக்கூடாது. சக்கரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரே இல்லாமல்

வாட்டர்லெஸ் வாஷ் என்று விற்கும் தெளிப்பான்கள் நேரடியாகப் பயன்படுத்த ஏற்றவை. வழுக்கலுக்கான பொருளும் கொஞ்சம் மெழுகும் கலந்திருக்கும். ஒரு சிறிய காருக்கு 150 முதல் 250 மில்லிவரை செலவாகும். கையசைவு மேலே சொன்னதுதான். வேறுபாடு என்னவென்றால், துணி காய்ந்ததாக இருப்பதால் வழுக்கல் முழுவதும் தெளிப்பிலிருந்தே வர வேண்டும். எனவே துணியில் தெளித்துத் துடைக்காமல் தகட்டில் நேரடியாக, தாராளமாகத் தெளிக்க வேண்டும். துணிகளும் எட்டுப் பத்து தேவைப்படும். நிழலில் நிற்கும், வாரம் இரண்டு மூன்று முறை மட்டும் வெளியே போகும் காருக்கு இது மிக நல்ல முறை. தினமும் ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓடும் காருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பெயின்ட்டின்மேல் மெழுகோ சீலன்ட்டோ பூசியிருந்தால் இந்த இரண்டு முறைகளும் பாதி உழைப்பில் முடியும், ஏனென்றால் அழுக்கு பிடித்துக்கொள்ள இடமில்லாமல் மேலோட்டமாகவே நிற்கும். தெளித்த நீர் முத்து முத்தாக நிற்கிறதா, பாய்போலப் படர்கிறதா என்று பாருங்கள். படர்ந்தால் மறுபடி மெழுகு பூசும் நேரம் வந்துவிட்டது. மேட் பெயின்ட் உள்ள கார்களுக்கு மட்டும் மெழுகு கலந்த எதையும் தொடாதீர்கள், அதன் மங்கல் அழகு திட்டுத் திட்டாகிவிடும்.

பறவை எச்சம், பூச்சி, கண்ணாடி, சக்கரம்

பறவை எச்சம் சூடான கிளியர் கோட்டை அரிக்கும். நல்ல வெயிலில் சில மணி நேரமே போதும். அதனால் வார இறுதிவரை காத்திருக்காமல் பார்த்த உடனே எடுப்பது நல்லது. ஆனால் சுரண்டக்கூடாது. ஒரு டிஷ்யூ காகிதத்தைக் கரைசலில் நன்றாக நனைத்து எச்சத்தின்மேல் ஒட்டிவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு காகிதத்தோடு சேர்த்துக் கிள்ளினாற்போலத் தூக்கினால் முழுவதும் வந்துவிடும். இதற்கென்றே கரைசல் நிரப்பிய சிறு தெளிப்பான் ஒன்றையும் ஒரு துணியையும் டிக்கியில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். இரவில் நெடுஞ்சாலையில் ஓட்டியபின் முன்பம்பரில் அப்பியிருக்கும் பூச்சிகளுக்கும் இதே வைத்தியம், காகிதத்துக்குப் பதில் ஈரத்துணியைப் போர்த்திப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். தார்ப் புள்ளிகள் இதற்கெல்லாம் மசியாது. அவற்றுக்கென்று தனித் திரவம் இருக்கிறது. அது கிடைக்கும்வரை அவற்றைத் தேய்க்காமல் விடுங்கள்.

முன்கண்ணாடியில் மெழுகு கலந்த தெளிப்பான் பட்டால், இரவில் எதிர்வரும் வண்டியின் வெளிச்சம் சிதறிக் கண்ணைக் கூசும், வைப்பரும் தடதடவென்று ஓடும். இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை, பாதுகாப்புப் பிரச்சினை. எனவே கண்ணாடிக்கு ஏ.சி. நீரில் நனைத்துப் பிழிந்த துணி ஒன்று, அதைத் தொடர்ந்து காய்ந்த துணி ஒன்று, வேறெதுவும் சேர்க்காமல். வைப்பரைத் தூக்கி, ரப்பர் விளிம்பையும் ஈரத்துணியால் ஒருமுறை உருவிவிடுங்கள். கறுப்பாக வரும் அழுக்கைப் பார்த்தால், இத்தனை நாள் கண்ணாடியில் கோடு விழுந்த காரணம் புரியும்.

சக்கரங்களைக் கடைசியில்தான் தொட வேண்டும். பிரேக் பட்டைகளிலிருந்து உதிரும் தூளில் இரும்புத் துகள்கள் இருப்பதால், சக்கரம் துடைத்த துணியை, துவைத்த பிறகும்கூட, பெயின்ட்டுக்குக் கொண்டுவராதீர்கள். மீதமிருக்கும் கரைசலைத் தெளித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நட்டுக் குழிகளைத் தேய்த்து, துடைத்து எடுங்கள்.

தினமும் துடைப்பவரிடம் சொல்ல வேண்டியது

காரைத் துடைக்க ஆள் வைத்திருக்கும் வீடுகளில், சொந்தக்காரர் ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் மற்ற ஆறு நாளும் காய்ந்த தூசின்மேல் ஈரத்துணி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை; வெளிச்சம் வருவதற்குள் இருபது காரை முடிக்க வேண்டிய வேலை அது. நம் செலவில் பத்துத் துணிகளும் கரைசலும் ஒரு பம்பும் வாங்கிக் கொடுத்து, "அண்ணா, நம்ம வண்டிக்கு இந்தத் துணி மட்டும் போதும். தினமும் வேண்டாம், வாரத்துக்கு ரெண்டு நாள் செஞ்சா போதும், சம்பளம் அதேதான்" என்று சொல்லி, ஒரு கதவை உடன் நின்று செய்து காட்டினால் போதும். நாள் குறைவதில் அவருக்கும் இலாபம், காருக்கும் இலாபம்.

துணியும் மிச்சத் தண்ணீரும்

துணிகளைத் துவைக்கும் தண்ணீரையும் கணக்கில் சேர்க்காவிட்டால் நான்கு லிட்டர் என்று சொல்வது நேர்மையாகாது. ஆறேழு துணிகளை ஒரு கரண்டி திரவ சோப்பு கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, கசக்கி, இரண்டு முறை அலச ஏறத்தாழ பத்து லிட்டர் ஆகும். ஆக மொத்தம் பதினைந்து லிட்டருக்குள், ஒரு வாளியளவில், எல்லாம் முடிகிறது. இரண்டு மூன்று முறை பயன்படுத்திய துணிகளைச் சேர்த்துத் துவைத்தால் இன்னும் குறையும். பருத்தித் துணிகளோடு சேர்த்துப் போட வேண்டாம், பஞ்சு முழுவதும் மைக்ரோஃபைபரில் ஏறிக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவங்களும் கூடாது. அவை இழைகளின் மேல் பூச்சாகப் படிந்து, தூசையும் ஈரத்தையும் பிடிக்கும் திறனைக் கெடுத்துவிடும். வெந்நீரும் இஸ்திரிப் பெட்டியும் ஆகாது. நிழலில் உலர்த்தி, தூசு படாமல் மூடி வையுங்கள்.

வாளியில் எஞ்சும் நீரையும் துணி அலசிய நீரையும் எங்கே ஊற்றுவது என்பது கடைசிக் கேள்வி. 2003ஆம் ஆண்டு அவசரச் சட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. பல குடியிருப்புகளில் கார் நிறுத்தும் இடத்தின் தரைநீரும் அந்தக் குழிகளுக்கே போகிறது. அங்கே ஷாம்பு நுரையோடு காரைக் கழுவினால் சோப்பும் எண்ணெயும் பிரேக் தூளும் மண்ணுக்குள் இறங்கி, அதே வளாகத்தின் கிணற்றுக்கும் போருக்கும் போய்ச் சேர வழி உண்டு. உங்கள் குடியிருப்பில் கம்பி மூடி போட்ட வடிகால் எங்கே முடிகிறது என்று காவலாளியிடமோ பிளம்பரிடமோ ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மீந்த அழுக்குத் தண்ணீரை அதில் கொட்டாமல், வீட்டுக்கு எடுத்துச் சென்று கழிப்பறையில் ஊற்றுங்கள்.